படிவத்தில் இல்லாத அம்மா

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குச் சட்டையில் குத்துகிற ஒரு சின்ன வில்லை தந்தார்கள். பத்து வருடம் ஒரே இடத்தில் வேலை செய்ததற்காம். கல்லூரியின் சாப்பாட்டு மண்டபத்தில் முப்பது பேர் வரை நின்றோம். எங்கள் பகுதியின் இயக்குநர் பெயர்களை வாசித்தார். என் முறை வந்ததும் "ஜெசின்டா" என்று தொடங்கி, அப்பாவின் பெயரான சந்தியோகுவில் தடுக்கி, இரண்டு முறை முயன்று, கடைசியில் "எங்கட ஜெசி" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மன்னாரில், எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் தெருவுக்கு ஒரு சந்தியோகு இருப்பார். பத்து வருடமாக இந்த இயக்குநர் என் கடிதங்களில் அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்து அனுப்புகிறார். வாயால் சொல்லத்தான் வருவதில்லை.

கேக் வெட்டும்போது அவர் ஆங்கிலத்தில் இன்னொன்றும் சொன்னார்: "பத்து வருசத்தில ஜெசியின்ர கையால போன ஒரு படிவத்திலயும் பிழை வந்ததில்லை."

பாராட்டாகத்தான் சொன்னார். நான் கேக் தட்டை அப்படியே மேசையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே இருப்பவர்களிடம் சொன்னால், அதில் என்ன பிழை என்று கேட்பார்கள்.

2

கனடாவில், வினிப்பெக் நகரத்தில் இருக்கிறேன். என்ன வேலை என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் "கல்லூரியில வேலை" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். கேட்பவர்கள் நான் படிப்பிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

உண்மையில் நான் ஒரு பயிற்சித் திட்டத்தின் இணைப்பாளர். இந்த நாட்டின் ஆதிக்குடி மக்களுக்கு ஆட்சியும் நிர்வாகமும் பழக்குகிற திட்டம். வடக்கே ஏரிக்கரைகளிலும் காடுகளுக்குள்ளும் உள்ள ஊர்களிலிருந்து, ஊர்ச் சபைகளில் வேலை செய்பவர்கள் வருவார்கள். மாதத்தில் ஒரு கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, ஒரு வருடம். கூட்டத்தை எப்படித் தொடங்குவது, கூட்டறிக்கை எப்படி எழுதுவது, ஆட்களை எப்படி வேலைக்கு எடுப்பது, முறைப்பாட்டை எப்படி விசாரிப்பது. முடிவில் ஒரு சான்றிதழ். பாடம் நடத்துவது வேறு ஆட்கள். அறைகளை ஒழுங்கு செய்வதும், வரவு குறிப்பதும், படிவங்களை நிரப்புவதும், சான்றிதழ் அச்சடிப்பதும் என் பொறுப்பு.

இந்த மக்களுக்கு முன்பு சொந்தச் சபைகள் இருந்தன. அரசு சட்டம் போட்டு அவற்றைத் தள்ளி வைத்தது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிகளில் அடைத்தது. அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் நான் கும்பிடுகிற அதே மதத்தின் குருமாரும் கன்னியாஸ்திரிகளும். அதை முதன்முதலாக ஒரு மாணவரின் வாயால் கேட்ட கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. அதற்கடுத்த கிழமை போய்விட்டேன்.

இப்போது அதே அரசு, கூட்டம் நடத்துவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி எங்கள் கல்லூரியை அமர்த்தியிருக்கிறது.

நேர்முகத் தேர்வில் முன் அனுபவம் கேட்டார்கள். தாழ்வுபாட்டில் மீனவர் சங்கத்தில் கணக்கும் கடிதமும் எழுதும் இலிகிதராக இருந்தேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். இங்கே வந்து முதல் நாலு வருடம் ஒரு வெதுப்பகத்தில் பாண் அடுக்கியதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

3

சங்கத்தின் கந்தோர் கடற்கரையை ஒட்டி, தகரக் கூரையோடு இருந்தது. யுத்தம் முடிந்த கையோடு அங்கே பயிற்சிகள் வரத் தொடங்கின. வலையில்லை, இயந்திரமில்லை, கடலுக்குப் போவதற்குக் கடற்படையின் பாஸ் வேண்டும். ஆனால் மாதம் ஒரு பயிற்சி தவறாமல் வந்தது. வெள்ளை வாகனத்தில் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். பெரிய வெள்ளைக் கடதாசியைச் சுவரில் ஒட்டி, நிறப் பேனாக்களைத் தந்து, "உங்கட சங்கத்தின்ர பலம் என்ன, பலவீனம் என்ன, எழுதுங்கோ" என்பார்கள்.

என் தம்பி யூட் ஒருமுறை எழும்பிச் சொன்னான்: "ஐயா, எங்களைக் கடலுக்குப் போக விடச் சொல்லுங்கோ. போயிட்டு வந்து தலைமைத்துவம் படிக்கிறம்."

பயிற்சி கொடுத்தவர் கோபப்படவில்லை. "தம்பி, முதல்ல இந்த மனநிலையைத்தான் மாத்தோணும்" என்று சொல்லி, யூட் சொன்னதைப் பலவீனம் என்ற பகுதியில் எழுதினார். வரவுத் தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியது நான்தான். எனக்கும் அந்தப் பயிற்சிகளில் இரண்டு சான்றிதழ் கிடைத்தது. இங்கே வேலை கேட்டபோது அவற்றைத்தான் இணைத்தேன்.

4

மார்லீன் சென்ற வருடம் வகுப்புக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, மெல்லிய குரல். அவருடைய ஊர் பெரிய ஏரி ஒன்றின் கரையில், நகரத்திலிருந்து ஐந்து மணி நேர ஓட்டம். மீன்பிடிக்கும் ஊர். அவர் சொன்னவற்றை ஆங்கிலத்திலிருந்து எழுதாமல், என் மனதுக்குள் எப்படித் தமிழாகக் கேட்டதோ அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் பெயர் பதியும்போது, "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார்.

"இல்லை. இலங்கை. எல்லாரும் இந்தியா எண்டுதான் நினைக்கிறவை."

"என்னையும் அப்பிடித்தான். இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில ஆதிக்குடிச் சனத்துக்கு இன்னமும் இந்தியர் எண்டுதான் பேர்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதன்பிறகு இடைவேளைகளில் என் மேசைக்கு வருவார். உறைந்த ஏரியில் துளை போட்டுப் பனிக்கட்டிக்கு அடியால் வலை விடுகிற விதத்தைக் கடதாசியில் கீறிக் காட்டினார். நான் கரையோரக் கடலில் கம்பு நட்டுக் களங்கண்ணி வலை கட்டுவதைக் கீறிக் காட்டினேன். கண்ணியின் அளவு பற்றி இரண்டு பேரும் வாதாடியதைப் பார்த்து, பக்கத்து மேசைப் பெண் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்தாள்.

ஒருநாள் அவர் தன்னை வளர்த்தவரைப் பற்றிச் சொன்னார். பெற்ற தாய் இவருக்கு ஆறு வயதில் இறந்துபோனாராம். தாயின் தங்கைதான் வளர்த்தாராம். "எங்கட பாசையில அம்மாவின்ர தங்கச்சிக்குச் சின்ன அம்மா எண்டு அர்த்தம் வாற சொல்" என்றார்.

"எங்கட பாசையிலயும் அதுதான். சின்னம்மா."

அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சரியாகச் சொன்னார்.

என்னை வளர்த்ததும் சின்னம்மாதான் என்று அப்போது நான் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

மார்லீன் படிப்பதற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஊர்ச் சபை ஒழுங்காக நிர்வகிக்கவில்லை என்று அரசுத் திணைக்களம் வெளியிலிருந்து ஒரு நிர்வாகியை வைத்திருந்தது. அவர் நகரத்தில் இருந்துகொண்டு இரண்டு கிழமைக்கு ஒருமுறை போவார். பாடசாலைக் கூரையைத் திருத்துவதா, யாரை வேலைக்கு வைப்பது, எல்லாம் அவர் கையில். அந்த நிர்வாகியை எடுப்பதென்றால், ஊர் ஆள் ஒருவர் எங்கள் சான்றிதழோடு அந்தக் கதிரையில் இருக்க வேண்டும். ஊர் கூடி மார்லீனை அனுப்பியிருந்தது.

5

இந்த ஜனவரியில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது யூட் அழைத்தான். இப்போது சங்கத்தின் செயலாளர் அவன்தான்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். போன மாசம் நல்லாட்சிப் பயிற்சி எண்டு எங்களை மன்னாருக்குக் கூப்பிட்டவை. ஒரு கம்பனிதான் செலவு. சாப்பாடு தந்தவை, கோப்பு ஒண்டு தந்தவை. வரவுக்குக் கையெழுத்து வாங்கினவை."

"அதுக்கென்ன?"

"அந்தக் கம்பனிக்கு எங்கட ஊருக்குப் பின்னால மண் அள்ளோணும். ஊர்ச்சனத்தோட கதைச்சாச்சு, அவைக்குச் சம்மதம் எண்டு அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் குடுத்திருக்கிறாங்கள். கீழ எங்கட கையெழுத்து, வரவுத் தாளில போட்டது."

அன்று வேலைக்குப் பிந்திப் போனேன். இரண்டு காலைகள் தொலைபேசியில் அவனோடு சேர்ந்து அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். 'நாங்கள் வந்திருந்தோம் என்பதற்கே கையொப்பமிட்டோம். இணங்கினோம் என்பதற்கல்ல' என்ற வரி என்னுடையது. யூட் அதைச் சங்கத்தில் வாசித்தபோது எல்லோரும் தலையாட்டினார்களாம்.

"கடதாசிக்குப் பின்னால ஒளிக்கிற ஆக்களுக்கு வெக்கமில்லையோ?" என்று நான் தம்பியிடம் கத்தினேன்.

இரண்டு கிழமை கழித்து மார்லீனின் சின்னம்மா இறந்துபோனார்.

6

எங்கள் திட்டத்தில் ஒரு விதி உண்டு. வருடத்தில் ஐந்து நாளுக்கு மேல் வகுப்புக்கு வராவிட்டால் சான்றிதழ் கிடையாது. மிக நெருங்கிய உறவினரின் மரணமென்றால் மட்டும் அந்த நாட்கள் சேராது. பனிப்புயலில் பாதை மூடியதால் மார்லீன் ஏற்கெனவே இரண்டு நாட்களைத் தவறவிட்டிருந்தார். செத்தவீடு கடைசி வகுப்புக் கிழமையில் வந்தது. அவர்கள் ஊரில் நாலு நாள் உடலைத் தனியே விடாமல் கூட இருப்பார்கள், ஐந்தாம் நாள் அடக்கம்.

அவர் தொலைபேசியில் அழைத்தார். "ஜெசி, அம்மா செத்துப்போனா" என்றார். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. "போயிட்டு வாங்கோ" என்றேன்.

பிறகு படிவத்தை எடுத்தேன். இறந்தவர் என்ன முறை என்ற கேள்விக்குப் பக்கத்தில் தாய், தந்தை, துணை, பிள்ளை, சகோதரம் என்று கட்டங்கள். கடைசியில் 'வேறு' என்று ஒன்று. 'வேறு' என்று போட்டால் சலுகை இல்லை. மார்லீனின் தாய் இறந்துவிட்டதாக, அவர் சேரும்போது தந்த விபரத்தில் என் கையாலேயே பதிந்திருக்கிறேன்.

இயக்குநரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கவலையாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு வளைச்சால் எல்லாருக்கும் வளைக்கோணும். திணைக்களம் கோப்புகளைப் பாக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "படிவத்தை நிரப்பிறது நீங்கள்தானே ஜெசி. நான் பாக்கிறதில்லை" என்றார்.

அதற்கு மேல் எவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொல்ல முடியும்? தாய் என்ற கட்டத்தில் ஒரு அடையாளம். பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க யாரும் வந்திருக்கவும் மாட்டார்கள்.

ஆனால் எனக்கு வேறொரு மேசை நினைவுக்கு வந்தது. கணவர் முன்னதாகவே வினிப்பெக் வந்து, என்னையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். அந்தப் படிவத்தில் தாய் என்ற இடத்தில் நான் சின்னம்மாவின் பெயரை எழுதினேன். பெற்றவர் இறந்த பிறகு, நாலு வயதிலிருந்து எனக்கு அம்மா அவர்தான், வேறு யாரை எழுதுவது? கொழும்பில் நேர்முக விசாரணை. "ஒரு கடதாசியில உங்கட தாய் செத்திட்டா. மற்றதில உயிரோட இருக்கிறா. எது பொய்?" என்று அதிகாரி கேட்டார். நான் சின்னம்மா என்றால் என்னவென்று விளக்கினேன். மொழிபெயர்த்தவர் அதை உயரம் குறைந்த தாய் என்பதுபோல ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி சிரித்தார். கோப்பு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வருடத்தில் என் மகள் தகப்பனைத் தொலைபேசிக் குரலாக மட்டும் அறிந்தாள்.

அன்றிலிருந்து நான் ஒரு படிவத்திலும் ஒரு சொல்லைக்கூட வளைத்ததில்லை.

'வேறு' என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். பக்கத்தில், தாயின் சகோதரி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிழையில்லாமல்.

7

மார்லீனுக்கு எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளி. சான்றிதழ் இல்லை என்ற கடிதம் என் கையெழுத்தோடு போனது. அவருடைய ஊரில் வெளி நிர்வாகி இன்னும் ஒரு வருடம் இருப்பார் என்று திணைக்களம் அறிவித்தது.

தன் புத்தகங்களை எடுக்க அவர் ஒருமுறை வந்தார். நான் எழும்பி நின்றேன்.

"உனக்குத் தெரியும்தானே?" என்றார். ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒரே சொல்தான். அன்று என் காதில் நீ என்றுதான் விழுந்தது.

"தெரியும்."

"விளங்காத ஆள் எழுதியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பன். அவைக்கு அது வெறும் ஆன்ரி. உனக்கு அப்பிடியில்லை."

"எனக்குப் பயமா இருந்தது" என்றேன்.

அவர் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கினார். பை கிழிந்திருந்தது. நான் வேறு பை கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அன்று வீட்டில் மகளிடம் சொன்னேன். மெலனிக்குப் பத்தொன்பது வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். உறவுக்காரர் எல்லோரும் அவளுக்கு ஆன்ரி, அங்கிள். பெரியம்மா யார், மாமி யார் என்று நான் படம் கீறிப் படிப்பித்ததை அவள் இரண்டு நாளில் மறந்துவிட்டாள். அவள் கைத்தொலைபேசியைக் கீழே வைத்து, உடைந்த தமிழில் கேட்டாள்:

"ஏன் அம்மா எண்டு போடேல்ல?"

"அவவின்ர அம்மா முந்தியே செத்திட்டா."

"பட் இவவும் அம்மாதானே. நீங்கதான் எனக்குச் சொன்னீங்க."

பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இந்தப் பிள்ளைக்கு எங்கள் சொற்கள் ஒன்றும் தங்கவில்லை என்று எத்தனை வருடம் எல்லோரிடமும் குறை சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் கல்லூரியில் விதிகளைப் பார்க்கும் குழுவுக்கு எழுதினேன், ஒருவரை வளர்த்தவரையும் தாய், தந்தை என்று ஏற்க வேண்டும் என்று. கடிதம் கிடைத்தது, அடுத்த மீளாய்வில் கவனத்தில் எடுக்கப்படும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வசனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அதை எழுதிக் கொடுத்தது நானேதான்.

யூட்டின் கடிதத்துக்கும் கிடைத்தது என்ற முத்திரைதான் விழுந்தது. முத்திரை காய்வதற்கு முன்பே நிலமளக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் போய் அந்த மண்ணில் மறித்துக் குந்தினார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

"திரும்பி வருவாங்கள் அக்கா," என்றான் யூட். "அடுத்த மாசம் இன்னொரு பயிற்சியாம்."

"போகப் போறியளோ?"

"போனால் சம்மதம் எண்டு எழுதுவாங்கள். போகாட்டி, கூப்பிட்டும் வரேல்லை எண்டு எழுதுவாங்கள். நீங்கள்தானே அக்கா இந்த வேலை செய்யிறீங்கள், என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோவன்."

விசாரித்துச் சொல்லுகிறேன் என்றேன். கந்தோர்க்காரர் சொல்கிற அதே பேச்சு.

8

மார்ச் மாதம், ஏரி இன்னும் உறைந்திருந்தபோது, ஒரு சனிக்கிழமை மார்லீனின் ஊருக்குக் காரோடிப் போனேன். வருவதாகச் சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்பார் என்ற பயம். பனிக்கட்டிக்கு மேல் மருமகனோடு நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. "கையுறை இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மணித்தியாலம் வலையில் மீன் கழற்றினேன். பதினாலு வருடத்தில் முதல் தடவை. குளிரில் விரல் விறைத்து, செதிலோடு தோலும் வந்தது. அவர் என் பக்கம் பார்க்காமல் தன் பாட்டில் கழற்றினார். வேலை முடிந்ததும் வாகனத்துக்குள் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "பிழை செய்திட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

"ஓம்" என்றார்.

அதற்கு மேல் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு, ஊரின் பாடசாலையைக் காட்டினார். கூரையில் நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, ஓரத்தில் கற்கள்.

"கூரை அடுத்த பனிக்கும் அப்பிடித்தான் இருக்கும்" என்றார். "பிள்ளையள் மேல்சட்டையோட இருந்து படிக்குதுகள்."

பிறகு எனக்கு ஒரு பையில் நாலு மீன் போட்டுத் தந்தார். அவர்கள் ஊரில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருட வகுப்புக்கான விண்ணப்பங்கள் இந்தக் கிழமை வரத் தொடங்கின. செவ்வாய்க்கிழமை மார்லீனுடையது வந்தது. முதலிலிருந்து முழு வருடமும் திரும்பப் படிக்க வேண்டும். 'இந்தப் பயிற்சியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதுவார்கள். அவர் ஒரே சொல்தான் எழுதியிருந்தார்.

கட்டாயம்.

விண்ணப்பம் முழுமையாக இருந்தது. ஒரு பிழையும் இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பதிந்தேன்.